மஞ்சள் பலகையும் மட்டக்கல்லும்

நன்னிலம் ரயில் நிலையத்தில் மாலை நடைக்குப் போய் உட்காருபவர்களில் நானும் ஒருவன். நடைமேடையின் இரண்டு முனையிலும் ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகை இருக்கும் அல்லவா, அதன் அடியில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று சிறிய எழுத்தில் போடுவது ரயில்வேயின் வழக்கம். சின்ன வயதில் அதைப் படித்துவிட்டு, கடல் எங்கோ இருக்க இதை எப்படி அளந்தார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். "சர்க்கார் அளந்திருப்பான், நீ ஜன்னல் பக்கம் கையை நீட்டாதே" என்றார். சர்க்கார் எப்படி அளந்தது என்பது எனக்குத் தெரிய வர ஐம்பது வருடம் ஆயிற்று. அந்த எண்ணைப் பற்றி இன்று எழுத ஒரு காரணம் இருக்கிறது.

போன தை மாதம் என் மச்சினன் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு ஊருக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர். ஐந்தாறு வருடமாக வயலின் தென்மேற்கு மூலையில் தண்ணீர் வடிவதில்லை. ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் அங்கே மட்டும் அழுகிப் போகிறது. "அத்தான், பூமி இறங்கிடுச்சு. எண்ணெய்க் கிணறு போட்டு உறிஞ்சுறான்ல, அதான். நீங்க ஆபீஸ்ல இருந்தவரு, மனு எழுதிக் குடுங்க" என்றான். மனு எழுத எனக்குத் தெரியும். நாற்பது வருடம் அதுதான் பிழைப்பு. ஆனால் மனுவில் 'பூமி இத்தனை அங்குலம் இறங்கிவிட்டது' என்று எழுத ஓர் எண் வேண்டுமே. அது யாரிடம் இருக்கிறது?

எண்ணெய் எடுத்தால் பூமி இறங்குமா என்று கேட்டால், இறங்கும், இறங்கியிருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லாங் பீச் என்ற துறைமுக நகரம்தான் இதில் பேர்போனது. அதன் அடியில் வில்மிங்டன் என்ற எண்ணெய்ப் புலம் 1932இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் துறைமுகத்தைச் சுற்றிக் கிணறுகளை நெருக்க நெருக்கப் போட்டார்கள். 1940-41 வாக்கில் நிலம் இறங்குவது தெரிந்தது. அப்போது கடற்படை தன் கப்பல் பழுதுபார்க்கும் துறையைக் கட்டுவதற்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் என்று முதலில் நினைத்தார்கள். இறைப்பு நின்றது, இறக்கம் நிற்கவில்லை. 1951 வாக்கில் நடுப்பகுதி ஒரு வருடத்துக்கு இரண்டு அடிக்கு மேல் இறங்கியது. மொத்தத்தில் 29 அடி! நம் ஊர் வீட்டில் மூன்று தளத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. சுமார் 20 சதுர மைல் பரப்பு ஒரு தாம்பாளம் போலக் குழிந்தது. கப்பல் துறைகள் கடல் மட்டத்துக்குக் கீழே போயின. கரை கட்டிக் கடலைத் தடுத்தார்கள். தண்டவாளம் நெளிந்தது, பாலங்கள் பிசகின. பூமிக்குள் பாறை அடுக்குகள் வழுக்கியதில் 1949இல் மட்டும் இருநூறு கிணறுகள் அளவில் குழாய் வெட்டுப்பட்டும் சேதப்பட்டும் போயின. செலவு பத்துக் கோடி டாலருக்கு மேல்.

காரணம் சிக்கலானதல்ல. எண்ணெய் ஒரு குளம் போல் பூமிக்குள் தேங்கியிருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை, மணல் பாறையின் துளைகளுக்குள் ஊறி நிற்கிறது, ஊறவைத்த அரிசிக்குள் தண்ணீர் நிற்பது போல. மேலே கிடக்கும் ஆயிரக்கணக்கான அடி மண்ணின் பாரத்தை மணலும், துளையிலுள்ள எண்ணெயின் அழுத்தமும் சேர்ந்து தாங்குகின்றன. எண்ணெயை எடுத்து அழுத்தம் குறைந்தால் பாரம் முழுவதும் மணலின் தலையில் விழுகிறது. இறுகாத இளமணலாக இருந்தால் அமுங்கும். வில்மிங்டனில் மணல் இளசு, அடுக்கு கனம், ஆழமும் அதிகமில்லை. மூன்றும் சேர்ந்துகொண்டன.

இதற்கு வைத்தியமும் அங்கேதான் நடந்தது. எடுத்த எண்ணெய்க்கு ஈடாக உப்புத் தண்ணீரைப் பூமிக்குள் அழுத்திச் செலுத்துவது. 1953இல் சோதித்துப் பார்த்து, 1958இல் கலிபோர்னியா அரசு நிலம் இறங்குவதைத் தடுக்கச் சட்டமே போட்ட பிறகு பெரிய அளவில் தொடங்கினார்கள். 1960களின் நடுவில் இறக்கம் பெரும்பாலும் நின்றது. சில இடங்களில் நிலம் ஓர் அடி அளவுக்கு மீண்டும் எழும்பியதாம். ஆனால் போன 29 அடி போனதுதான். அமுங்கிய மணல் பழையபடி ஆகாது. 1965க்குப் பிறகு கரையோரக் கடலில் நான்கு செயற்கைத் தீவுகள் கட்டி, அதிலிருந்து கிணறு போட்டார்கள். பார்ப்பதற்கு உல்லாச விடுதி போல இருக்க வேண்டும் என்று போலிக் கோபுரமும் தென்னை மாதிரி மரங்களும் வைத்து, உயிரிழந்த விண்வெளி வீரர்களின் பெயரையும் சூட்டினார்கள். அமெரிக்கர்களின் ரசனை அப்படி.

எனக்கு முக்கியமாகப் பட்டது வைத்தியம் அல்ல, அதற்கு முந்தைய வேலை. லாங் பீச் நகராட்சி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகரம் முழுக்க நூற்றுக்கணக்கான புள்ளிகளில் மட்டம் பார்த்தது. முதலில் மட்டக் கருவியையும் அளவுகோலையும் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக. பிற்காலத்தில் செயற்கைக்கோள் கருவியால். இன்றைக்கும் பார்க்கிறார்கள். கிணற்றுக் குழாயையே அளவுகோலாக்கிய ஒரு வேலையும் செய்தார்கள். கிணற்றின் எஃகுக் குழாய் துண்டு துண்டாக இணைக்கப்பட்டது. இணைப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சில வருடம் விட்டு விட்டு அளந்தால், எந்த ஆழத்தில் பாறை எவ்வளவு அமுங்கியது என்று தெரிந்துவிடும். இத்தனை கணக்கும் கையில் இருந்ததால்தான் எண்ணெய்க் கம்பெனிகளால் 'எங்களால் இல்லை' என்று சொல்ல முடியாமல் போயிற்று.

இதற்கும் முந்தைய கதை ஒன்று டெக்சாஸ் மாநிலத்தில், கூஸ் கிரீக் என்ற இடத்தில். 1917இல் அங்கே எண்ணெய் பெருக்கெடுத்தது. 1925க்குள் நிலம் மூன்றடிக்கு மேல் இறங்கி விரிகுடாத் தண்ணீர் ஏறிக்கொண்டது. உடனே மாநில அரசு, தண்ணீருக்கு அடியில் உள்ள நிலம் அரசுக்குச் சொந்தம், ஆகவே எண்ணெயும் எங்களுடையது என்று வழக்குப் போட்டது. நிலம் இயற்கையாக மூழ்கவில்லை, எண்ணெய் எடுத்ததால்தான் இறங்கியது, அதனால் உரிமை மாறாது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், எண்ணெய் எடுத்ததால் நிலம் இறங்கியது என்று வாதாடி ஜெயித்ததே எண்ணெய்க்காரர்கள்தான். நம் ஊரில் அதைச் சொல்ல விவசாயி தலைகீழாக நிற்க வேண்டும்.

இப்போது நம் பக்கம். காவிரிப் படுகையில் முதல் ஆழ்கிணற்றை எண்ணெய் எரிவாயுக் கழகம் தோண்டியது 1964இல், காரைக்காலில். அப்போது நான் அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கோபுரம் போல் இரும்புச் சட்டம் நிற்கிறது என்று கேட்டுச் சைக்கிளில் மூன்று பேர் போய்ப் பார்த்தோம். இரவில் அதன் விளக்குகள் கப்பல் போல இருக்கும். எண்பதுகளில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது, பிறகு கோவில்களப்பால், அடியக்கமங்கலம், கமலாபுரம், நம் நன்னிலம் என்று வரிசையாக. 1993இல் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது.

இந்தக் கிணறுகள் வில்மிங்டனைப் போன்றவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்முடையவை சின்னச் சின்னப் புலங்கள், ஆழம் அதிகம், பாறை வயதானது, இறுகியது. லாங் பீச் நடந்ததால் நன்னிலமும் 29 அடி இறங்கும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். நம் டெல்டாவுக்குப் பொருந்தும் எச்சரிக்கை வேறோர் இடத்திலிருந்து வருகிறது: இத்தாலியில் போ என்ற ஆற்றின் டெல்டா. அதுவும் நெல் விளையும் பூமி. 1930களின் கடைசியிலிருந்து 1960களின் தொடக்கம் வரை அங்கே நிலத்தடி நீரோடு கலந்திருந்த மீத்தேன் வாயுவுக்காக, ஆழமில்லாத அடுக்குகளிலிருந்து தண்ணீரை இறைத்துத் தள்ளினார்கள். டெல்டா 3 மீட்டருக்கு மேல் இறங்கியது. வெள்ளம் வெள்ளமாக வந்து, கடைசியில் அரசே இறைப்பை நிறுத்தியது.

மன்னார்குடிப் பக்கம் நிலக்கரி மீத்தேன் திட்டம் என்று 2010-11இல் ஒப்பந்தம் போட்டார்களே, அப்போது நம்மாழ்வார் ஊர் ஊராக வந்து பேசியதில் பாதி இதுதான். நிலக்கரியிலிருந்து வாயு வர வேண்டுமானால் முதலில் அடுக்கில் உள்ள தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் போனால் நிலம் என்ன ஆகும், கடல் நீர் உள்ளே வராதா என்று கேட்டார். 2013 டிசம்பர் 30 அன்று அந்தப் போராட்டத்தின் நடுவிலேயே காலமானார். 2015இல் தமிழக அரசு திட்டத்துக்கு அனுமதியில்லை என்று சொல்லியது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமும் வந்தது. முன்பே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அந்தச் சட்டம் நிறுத்தவில்லை.

சரி, பூமி இறங்கியதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? முதலில் நானே முட்டாள்தனமாக ஒரு காரியம் செய்தேன். கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுத் தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்து, எங்கள் வீட்டுத் திண்ணையையும் தெருவையும் அளந்தேன். நான் கல்யாணமாகி வந்த காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணைக்கு வர வேண்டும். இப்போது ஒரு படி இறங்க வேண்டும். "பார்த்தீங்களா, வீடு இறங்கிடுச்சு" என்றார் கொத்தனார். வீடு இறங்கவில்லை ஐயா, தெரு ஏறியிருக்கிறது! பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுக்கடுக்காகப் போட்ட சாலை.

பிறகு மதுவனேஸ்வரர் கோயிலிலிருந்து அளந்தால் என்ன என்று யோசித்தேன். கோச்செங்கட்சோழன் கட்டிய மாடக்கோயில் என்பார்கள். இந்தத் தட்டை பூமியில் ஏறி நின்று பார்க்க இருக்கும் ஒரே மேடு அதுதான். ஆனால் அதுவும் உதவாது. தாம்பாளம் போல் நிலம் குழிந்தால் கோயிலும் வீடும் வயலும் சேர்ந்தே இறங்கும். அக்கம்பக்கத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. இறங்காத ஏதாவது ஒன்று தூரத்தில் இருந்து, அதிலிருந்து அளந்துகொண்டே வந்தால்தான் தெரியும்.

அந்தத் தூரத்துப் புள்ளி கடல்தான். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் பிரான்ஸ் தேசத்து உயரங்களெல்லாம் மார்செய் துறைமுகத்தில் ஒரு சின்னக் கட்டடத்துக்குள் தொடங்குகின்றன என்று சொல்லியிருக்கிறார். 1885இல் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் அங்கே அலையின் ஏற்ற இறக்கத்தைப் பதிந்து சராசரி கண்டு, அதுவே பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்களாம். இந்தியாவின் பூஜ்யம் எங்கே என்று அவர் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு படித்தபோது தெரிந்தது, அது எங்கள் பள்ளியிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருந்திருக்கிறது என்று. 1909இல் சர்வே துறை நாடு முழுவதற்கும் மட்டக் கணக்கைச் சரிக்கட்டியபோது ஒன்பது துறைமுகங்களின் கடல் மட்டத்தை ஆதாரமாகக் கொண்டது. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாவின் ஃபால்ஸ் பாயிண்ட். ஒன்பதில் ஒன்று நம் நாகை! அங்கிருந்து கிளம்பிய மட்டக்காரர்கள் சாலையோரமும் ரயில் பாதையோரமும் அளந்துகொண்டே போய், பாலங்களிலும் கோயில்களிலும் தனிக் கல்லிலும் குறி வெட்டி வைத்தார்கள். அதுதான் மட்டக்கல். ரயில் பலகையின் எண்ணும் இப்படி வந்த வம்சம்தான்.

இதே சர்வே துறைக்கு நம் ஜில்லாவில் அதற்கு நூறு வருடம் முன்னால் ஒரு விபத்து நடந்தது. 1808இல் லாம்ப்டன் துரை தென்னாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்து வந்தார். தஞ்சைப் பக்கம் குன்றும் இல்லை, கரடும் இல்லை, எங்கு பார்த்தாலும் தென்னந்தோப்பு. கோயில்களின் உச்சிதான் அவருக்குக் குன்று. பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்தது. புதிதாக இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் வருடக்கணக்காகும். மனிதர் ஆறு வாரம் உட்கார்ந்து, ஆப்பும் திருகும் வைத்து இழுத்து இழுத்து வட்டத்தை ஏறக்குறையப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கருவியாலேயே இன்னும் பல வருடம் வேலை நடந்தது. ராஜராஜன் சும்மா விடவில்லை என்று எங்கள் திண்ணைச் சபையில் ஒருவர் சொன்னார். எனக்கென்னவோ அந்த ஆறு வாரம்தான் நினைவில் நிற்கிறது.

ஏனென்றால் என் சர்வீஸில் நான் செய்தது அதற்கு நேர் எதிரானது. எண்பதுகளில் ஒரு நாள். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். இருந்தவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புதுக் கட்டடத்துக்கு மாறுவதற்காகப் பழைய பதிவேடுகளைக் கழித்துக் கட்டினோம். பிரெஞ்சுக்காரர் காலத்து நீள நோட்டுகள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. பிரெஞ்சு படிக்கத் தெரிந்த குமாஸ்தா நான் ஒருவன்தான். "என்னய்யா இது, வேண்டுமா பாரு" என்று மேலதிகாரி கேட்டார். நான் புரட்டினேன். வாய்க்கால், மதகு, கரை, ஒவ்வொன்றுக்கும் எதிரே மீட்டரில் உயரம், மில்லிமீட்டர் வரை, கறுப்பு மையில் அழகான சாய்ந்த கையெழுத்து. "மட்டக் கணக்கு சார், ரொம்பப் பழசு, இப்போ யாருக்கும் உபயோகமில்லை" என்றேன். கழிவுப் பட்டியலை எழுதியதும் நான்தான். பழைய பேப்பர்காரர் இரண்டு தடவை தள்ளுவண்டி கொண்டுவந்து ஏற்றிப் போனார். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அலமாரி காலியானதில் சந்தோஷம்கூட.

அந்த நோட்டுகளில் ஒன்று இருந்தால், அரசலாற்றுக் கடைமடை மதகுகளின் பழைய உயரத்தை இன்றைய உயரத்தோடு வைத்துப் பார்த்திருக்கலாம். எண்ணெய்க் கிணறு வருவதற்கு முந்தைய கணக்கு அது. கிணறு வந்த பிறகு எத்தனை துல்லியமாக அளந்தாலும் அதற்கு ஈடாகாது.

மச்சினனிடம் இதை இன்னும் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய வயலைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். தண்ணீர் தேங்குவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். வடிகால் வாய்க்கால் வெங்காயத்தாமரை மண்டித் தூர்ந்து கிடக்கிறது. சாலை உயர்ந்து, அதன் அடியிலிருந்த கண் குறுகிவிட்டது. ஆழ்குழாய்க் கிணறுகளில் இறைக்கும் தண்ணீராலும் களிமண் அமுங்கும். முன்பெல்லாம் வெள்ளம் வருடா வருடம் வண்டலைக் கொண்டுவந்து வயலில் போடும். 1934இல் மேட்டூர் அணை கட்டிய பிறகு மேல்காவிரி வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. டெல்டா மண் தன் எடையிலேயே மெல்ல மெல்ல அமுங்கும் சுபாவம் கொண்டது. மேலே புது வண்டல் விழுந்தால்தான் ஈடாகும். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மட்டக் கணக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது. "அப்போ கிணறு காரணமில்லேங்கிறீங்களா?" என்று கோபித்துக்கொண்டான். "இல்லேன்னு சொல்லலை. ஆமான்னு சொல்ல என்கிட்ட காகிதம் இல்லேப்பா" என்றேன். குமாஸ்தா புத்தி போகாது.

இரண்டு நாள் கழித்து அவனே வந்தான். வயலுக்குப் போகும் வழியில் உள்ள பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு அடியில் ஏதோ எழுத்து வெட்டிய கல் இருப்பதாக அவன் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறானாம். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனோம். சாலை ஏறிய கனத்தில் சுவர் பாதிக்கு மேல் புதைந்திருந்தது. ஒன்றரை அடி தோண்டியதும் கருங்கல் தெரிந்தது. துணியை நனைத்துத் துடைத்தான். படுக்கையாக ஒரு கோடு, அதன் கீழே பி, எம் என்று இரண்டு ஆங்கில எழுத்து. எம்மின் ஒரு கால் உடைந்திருந்தது.

இந்தக் கல்லுக்கு எழுதப்பட்ட உயரம் சர்வே துறைப் பட்டியலில் எங்காவது இருக்க வேண்டும். டேராடூனுக்குக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன், பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு. கோட்டுக்கும் வாய்க்கால் மதகின் தளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொத்தனாரை வைத்துக் குழாய் மட்டத்தில் எடுத்து, தேதி போட்டு ஒரு நீள நோட்டில் எழுதினேன். பால அடியில் மீண்டும் மண்ணைத் தள்ளி மூடும்போது மச்சினன், "அடுத்து எப்போ அத்தான் அளக்கணும்?" என்றான். ஆறு மாதம் என்றேன். ஆடி மாதம் வருகிறது.